தவறானது எது

நாற்பத்திரண்டாவது மாதிரித் தேர்வு
இன்று மதியம் இரண்டு மணிக்கு.
நிஜப் பரீட்சையும் அதே இரண்டு மணிக்குத்தான்.
சோற்றுக்கும் தூக்கத்துக்கும் நடுவே விழித்திருக்க
வயிறு இப்போதே பழக வேண்டும்.

தடைக்காலம்.
பாம்பன் தெற்குவாடியில் விசைப்படகுகள்
பெயின்ட் காயக் கரையேறிக் கிடக்கின்றன.
அப்பா கூடத்தில் நிற்கிறார்,
எங்கே வைப்பதென்று தெரியாத பீரோ மாதிரி.
எனக்காக டிவியின் சத்தத்தை அணைத்துவிட்டார்.
செய்தி வாசிப்பவர் வாயசைக்க
அப்பா தலையசைக்கிறார்.

தம்பி ரொசாரியோ போனில் நேரம் வைக்கிறான்.
மூன்று மணி நேரம், நூற்றெண்பது கேள்வி.
சரிக்கு நான்கு. தப்புக்கு ஒன்று கழியும்.
தெரியாததை விட்டுவிட்டால் ஒன்றுமில்லை.
இந்த ஒன்றுமில்லையைக் கற்றுக்கொள்ள
எனக்கு ஒரு வருடம் போயிற்று.

விடைத்தாள் நகல் இரண்டு ரூபாய்.
தங்கச்சிமடம் கடையில் டிசம்பரில் பத்து எடுத்தேன்.
பென்சிலால் நிரப்பி, அழித்து, நிரப்பி, அழித்து
இந்தத் தாளில் எழுபத்தெட்டாவது வட்டம் ஓட்டையாகிவிட்டது.
எழுபத்தெட்டு வந்தால்
மேசையின் மரத்தைக் கறுப்பாக்குகிறேன்.

முதல் தேர்வில் நூற்று எண்பத்தேழு.
அடுத்து இருநூற்றுப் பதினான்கு,
பிறகு இருநூற்று ஒன்பது.
பதினோராவதில் இருநூற்று அறுபது,
அன்றைக்குப் பரோட்டா வாங்கினோம்.
பன்னிரண்டாவதில் இருநூற்றுப் பத்து.
பரோட்டாவைத் திருப்பித் தர முடியவில்லை.

பள்ளி விழாவில் ஒருவர் மைக்கில் சொன்னார்,
அலையைப் பாருங்கள், ஓய்கிறதா என்று.
ஓயவில்லைதான்.
நேற்று ஏறிய இடம் வரைதான் இன்றும் ஏறுகிறது.
எனக்கு அது போதாது.

ஜனவரியில் ஒரு ராத்திரி
வாடைக்காற்று ஜன்னலை ஆட்டிக்கொண்டிருக்க
மதிப்பெண்ணைக் கூட்டாமல் தப்புகளை மட்டும் பிரித்து வைத்தேன்.
தெரியாமல் போட்டது பத்தொன்பது.
கணக்கில் சறுக்கியது பதினொன்று.
மிச்சம் ஒன்பதிலும் ஒரே கேள்விதான்:
பின்வருவனவற்றுள் தவறானது எது?
ஒன்பதிலும் நான்
சரியானதைத் தேடிக் கண்டுபிடித்து
சந்தோஷமாக வட்டத்தை நிரப்பியிருந்தேன்.
நாற்பத்தைந்து மதிப்பெண்,
ஒரு சொல்லை வாசிக்காததற்கு.

அதிலிருந்து எதை வாசித்தாலும்
முக்கியமான சொல்லுக்கு முதலில் வட்டம்.
ரேஷன் கடை போர்டில், மருந்துச் சீட்டில்,
பெலிசிட்டா அத்தை வாசலில் நின்று கேட்டதில்:
"இன்னுமா படிக்கிறா?"
'இன்னுமா'வுக்கு வட்டம் போட்டேன்.
பதில் சொல்லவில்லை.
விட்டால் ஒன்றும் கழியாது.

தொண்ணூற்றேழாவது கேள்வியில் கரண்ட் போனது.
வேர்வை சொட்டி, ஒரு செல்லின் படம் கலங்கியது.
நிறுத்தவா என்று ரொசாரியோ கண்ணால் கேட்டான்.
வேண்டாம்.
பின்னாலிருந்து காற்று வந்தது, மீன் வாடையோடு.
அப்பா, ஐஸ் பெட்டியின் தெர்மோகோல் மூடியால்
விசிறிக்கொண்டிருந்தார்.
தாள் பறந்தது. ரொசாரியோ ஓடிப்போய்
வலையின் ஈயக் குண்டு ஒன்றை எடுத்துவந்து
அதன் மேல் வைத்தான்.
யாரும் பேசவில்லை.
நான் தாவரவியலுக்குள் போனேன்.

நானூற்று முப்பத்தொன்று.
நேற்று முன்தினம் நானூற்று முப்பத்தாறு.
ஐந்து என்றால் ஒரே ஒரு கேள்வி.
தேடினேன். நூற்று ஐம்பத்திரண்டு.
சரியானது எது, என்று கேட்டிருந்தார்கள்.
நான் தவறைத் தேடியிருக்கிறேன்.

எனக்கே சிரிப்பு வந்தது.
தப்பு நோட்டில் புதுப் பக்கம் திருப்பி
தேதி போட்டேன்.

நிமிர்ந்தால் மேலே மின்விசிறி சுற்றுகிறது.
கரண்ட் வந்து எவ்வளவு நேரமாயிற்றோ.
அப்பா இன்னும் விசிறிக்கொண்டிருந்தார்.
"நாளைக்கும் ரெண்டு மணிதானே?"
மூடியைப் பெட்டிக்குக் கொண்டுபோகாமல்
என் நாற்காலிக் காலில்
சாய்த்து வைத்துவிட்டுப் போனார்.